தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண்

அவிநாசியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பெருமாநல்லூரையும் செங்கப்பள்ளியையும் கடந்தால் விசயமங்கலம் வரும். ஊரார் நெட்டைக் கோபுரம் என்று வழங்கும் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் அங்குள்ளது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் இது என்பது மரபு. அடுத்துள்ள சீனாபுரம் நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊராகப் போற்றப்படுகிறது. திங்களூர், வெள்ளோடு, பூந்துறை ஆகிய ஊர்களையும் சேர்த்து எண்ணினால், கொங்கு நாட்டில் சமணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது புலப்படும்.

விசயமங்கலக் கோயிலில் நிசீதிகைத் தூண் ஒன்று நிற்கிறது. சல்லேகனை நோற்று அங்கே உயிர் நீத்த புல்லப்பை என்னும் அம்மையாரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. கங்க அரசர்களின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய சாமுண்டராயரின் தங்கை அவர் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரின் பேருருவத்தை எழுப்புவித்த அதே சாமுண்டராயர்தாம் அவர். பெளகொளாவின் சிலையை அறியாத நயினார் குடும்பம் இராது. ஆனால் சாமுண்டராயரின் பொருட்டு எழுந்த மற்றொரு பெரும்பொருள், கல்லில் அன்றி எழுத்தில் அமைந்த ஒன்று, அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அது ஓர் எண். இருபத்தொன்பது இலக்கங்கள் உடையது:

79228162514264337593543950336

சாமுண்டராயரின் ஆசிரியர் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி. பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வாழ்ந்த அப்பெரியார் தம் மாணவருக்காகப் பிராகிருத மொழியில் இயற்றிய நூல் கோம்மடசாரம். கோம்மடர் என்பது சாமுண்டராயரின் மற்றொரு பெயர். நூலின் பெயரும் அதனால் வந்ததே. அந்நூலின் சீவகாண்டத்தில், உடலின் ஆற்றல்கள் நிரம்பப் பெற்ற மனிதர்கள், அதாவது பரியாப்த மனிதர்கள், மொத்தம் எத்தனை பேர் என்ற வினாவுக்கு விடையாக இந்த எண் வருகிறது. சுவேதாம்பரர் போற்றும் அனுயோகத்துவார சூத்திரத்திலும் இதே எண் உண்டு. இரு பிரிவினரும் ஒருங்கே போற்றிய எண் என்பதனால் இதனை ஐயத்துக்கு இடமற்றது என்று கருதிவிடக் கூடாது. இதனைத் தவறு என்று கணக்கிட்டுக் காட்டிய ஆசாரியரும் நம் மரபிலேயே உண்டு. அவரைப் பற்றிக் கூறுமுன் இந்த எண்ணின் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

சங்க இலக்கியத்தை அறிந்தவர்களுக்குப் பேரெண்கள் புதியனவல்ல. ஐ, அம், பல் என முடியும் எண்ணுப் பெயர்களுக்குத் தொல்காப்பியர் விதி வகுத்தார். நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் எண்களைப் பரிபாடல் அடுக்கிக் காட்டுகிறது. ஆயினும் அவை பெயர்கள் மட்டுமே. ஆம்பல் எவ்வளவு என்று உரையாசிரியர்களைக் கேட்டால் விடைகள் வேறுபடும். சமண ஆசாரியர்கள் தந்த எண் அத்தகையதன்று. அது எப்படிப் பிறந்தது என்ற வழியோடு சேர்த்தே தரப்பட்டது. வழி தெரிந்த எண்ணை யாரும் மீண்டும் செய்து பார்க்கலாம்.

வழி இதுதான். இரண்டை இரண்டால் பெருக்கினால் 4. இது முதல் வர்க்கம். நான்கை நான்கால் பெருக்கினால் 16, இரண்டாம் வர்க்கம். பதினாறின் வர்க்கம் 256, மூன்றாவது. அதன் வர்க்கம் 65536, நான்காவது. இதற்குப் பண்ணட்டி என்று பெயர். பிராகிருதத்தில் அறுபத்தைந்து என்று பொருள். எண்ணின் தொடக்கம் 65 என்பதால் அப்பெயர் அமைந்தது. அதன் வர்க்கம் 4294967296, ஐந்தாவது. இதன் பெயர் பாதாலம். பாதலத்தோடு இதற்குத் தொடர்பில்லை. நாற்பத்திரண்டு என்பதே பொருள், முதல் இரு இலக்கங்கள் 42. ஆறாம் வர்க்கம் 18446744073709551616. ஒன்று, எட்டு என்று தொடங்குவதால் எகட்டி. நீண்ட எண்ணுக்குத் தலைப்பக்கத்து இலக்கங்களைக் கொண்டு பெயரிடுவது மாணவர் நாவில் நிற்பதற்கு எளிய வழி. சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று அறுபத்துநான்கு கட்டங்களையும் நிரப்பச் சொன்ன கதை தமிழகத்தில் குழந்தைகளும் அறிந்தது. அந்த நெல்மணிகளின் மொத்தம் எகட்டியில் ஒன்று குறைவு.

கோம்மடசாரம் கூறும் விதி: பாதாலத்தை மும்முறை பெருக்கினால், அதாவது ஐந்தாம் வர்க்கத்தின் கனத்தைக் கண்டால், மனிதர் தொகை வரும். அனுயோகத்துவாரம் கூறும் விதி வேறு: ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கு. மூன்றாவதாக ஒரு விளக்கத்தையும் அந்நூல் தருகிறது: எந்த எண்ணைத் தொண்ணூற்றாறு முறை மிச்சமின்றிப் பாதியாக்க முடியுமோ அந்த எண்.

இம்மூன்றும் ஒன்றே என்பதை ஒரு பெருக்கலும் செய்யாமல் அறியலாம். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சுமோ அந்தத் தொகைக்கு அர்த்தச்சேதம் என்று பெயர். பதினாறுக்கு அர்த்தச்சேதம் நான்கு. ஒவ்வொரு முறை வர்க்கம் காணும்போதும் அர்த்தச்சேதம் இரட்டிக்கும்: 2, 4, 8, 16, 32, 64. ஆகவே பாதாலத்துக்கு 32, எகட்டிக்கு 64. இரு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும். எகட்டியைப் பாதாலத்தால் பெருக்கினால் 64, 32 இரண்டும் கூடி 96. பாதாலத்தை மும்முறை பெருக்கினால் மூன்று முப்பத்திரண்டு, அதுவும் 96. இக்காலப் பள்ளிகளில் மடக்கை என்று கற்பிக்கப்படுவது இதன் விரிந்த வடிவம். ஐரோப்பாவில் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டது 1614இல். அதற்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் முன்பே பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றும் விதிகளைத் தவளை என்னும் பேருரை எடுத்தாள்கிறது. ஆனால் நேப்பியர் செய்ததை எல்லாம் நம்மவர் முன்பே செய்துவிட்டனர் என்று முழங்குவது முறையன்று. எல்லா எண்களுக்குமான அட்டவணையைத் தந்தவர் அவர். தவளையின் நாட்டம் சீவராசிகளின் அளவைகளில் இருந்தது.

வேறு சில இயல்புகளும் இந்த எண்ணுக்கு உண்டு. இதனை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் 97 மட்டுமே. அவற்றுள் ஒன்று என்ற எண்ணைத் தவிர மற்ற அனைத்தும் இரட்டைப்படை எண்கள். இது வர்க்க எண்ணுமாகும், கன எண்ணுமாகும். 281474976710656 என்பதன் வர்க்கம் இது. பாதாலத்தின் கனம் என்பது முன்பே கூறப்பட்டது. இத்தனை மனிதரையும் மும்மூவராக நிறுத்தினால் ஒருவர் மிஞ்சுவார். ஐவராகவோ எழுவராகவோ ஒன்பதின்மராகவோ நிறுத்தினாலும் ஒருவரே மிஞ்சுவார். பதின்மூவர், பதினெழுவர், தொண்ணூற்றேழு பேர் என்று பிரித்தாலும் மிஞ்சுபவர் ஒருவரே. தொண்ணூற்றேழுக்கான காரணத்தை 1640இல் பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்த விதி விளக்கும்: பகா எண் எதுவாயினும், அதில் ஒன்று குறைத்த தொகைக்கு இரண்டை அடுக்கிப் பெருக்கி அப்பகா எண்ணால் வகுத்தால், அப்பகா எண் இரண்டாக இல்லாத வரை, மீதி ஒன்று.

இனி எழுத்து வடிவம். ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்று ஒரு காதையில் கூறிய நேமிசந்திரர் அதோடு நிற்கவில்லை. அடுத்த காதையில் இருபத்தொன்பது இலக்கங்களையும் எழுத்துக்களாகவே கோத்துத் தருகிறார். கடபயாதி என்னும் முறை அது. க முதலாக ஒன்று, இரண்டு என எண்ணி ஒவ்வொரு மெய்க்கும் ஓர் இலக்கம் கொடுப்பர்; ட, ப, ய ஆகியவற்றிலும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவர். எழுத்துக்களை இலக்கமாக்கி வலமிருந்து இடமாக வரிசைப்படுத்தினால் எண் கிடைக்கும். இசை பயின்றோர் இதனை அறிவர். தீரசங்கராபரணம் என்ற மேளகர்த்தாப் பெயரில் 'தீ' ஒன்பது, 'ர' இரண்டு. திருப்பி வாசித்தால் 29, அதுவே அந்த மேளத்தின் எண். கோம்மடசாரக் காதையின் முதல் எழுத்து 'த'. அதன் மதிப்பு 6. எண்ணின் கடைசி இலக்கம் 6 என்பதைக் காண்க. காதையின் எண்ணெழுத்து வரிசையில் இறுதியாக நிற்பது 'ஸா', மதிப்பு 7. எண்ணின் முதல் இலக்கம் அதுவே. இடையிலுள்ள இருபத்தேழும் பிழையின்றிப் பொருந்துகின்றன.

தமிழெழுத்தில் இந்தக் காதையை எழுதினால் எண் அழிந்துவிடும் என்பது கவனிக்கத்தக்கது. காதையில் 'க' வருக்கத்து இரண்டாம் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் வருகின்றன. முன்னதற்கு மதிப்பு 2, பின்னதற்கு 3. தமிழில் இரண்டுக்கும் ஒரே ககரம். 'த' என்று எழுதினால் அது 6 என்று கொள்வதா, வருக்கத்து நான்காம் எழுத்தாக வைத்து 9 என்று கொள்வதா என்று தெரியாது. மேற்காட்டிய 'தீரசங்கராபரணம்' என்பதிலேயே இச்சிக்கல் உண்டு. வடமொழி ஒலி தெரிந்தவருக்கே 'தீ' ஒன்பது. நம் முன்னோர் ஸ்ரீபுராணம் முதலிய நூல்களை மணிப்பிரவாளத்தில், கிரந்த எழுத்துக் கலந்து எழுதியதைத் தமிழுக்குச் செய்த குறை என்று பேசுவோர் உண்டு. ஓர் எழுத்து மாறினால் ஓர் இலக்கம் மாறும் என்ற நிலையில் கிரந்தம் அவர்களுக்குத் தேவையான கருவியாக இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே எண்ணை விதியாகவும் எழுத்தாகவும் இருமுறை சொன்னதில் பெரும் பயன் உண்டு. ஓலையில் படியெடுப்பவர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிட்டாலும், பாதாலத்தின் கனத்தைக் கண்டு ஒப்பிடுபவர் பிழையைக் கண்டுகொள்வார். ஆயிரம் ஆண்டுகளாக இந்த எண் சிதையாமல் வந்ததற்கு இந்த இரட்டைக் காவல் துணை நின்றிருக்கிறது.

எண் சரியாகக் காக்கப்பட்டது என்பது வேறு. மனிதர் தொகை அதுதானா என்பது வேறு. இந்த இடத்தில்தான் வீரசேனாசாரியர் வருகிறார்.

திகம்பர மரபின் முதல் எழுத்துநூல் ஷட்கண்டாகமம். கிர்நார் மலைக்குகையில் தரசேனாசாரியரிடம் பாடம் கேட்ட புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்கள் அதனை இயற்றினர். நூல் நிறைவேறிய நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். பாடம் முடிந்தபின் புஷ்பதந்தர் வனவாச நாட்டுக்கும் பூதபலி திராவிட நாட்டுக்கும் சென்றனர் என்பது தவளை தரும் செய்தி. முதற்பகுதியைப் புஷ்பதந்தர் இயற்ற, அதற்குப் பின் திரவியப் பிரமாணம், அதாவது சீவராசிகளின் தொகை கூறும் அதிகாரம் தொடங்கி எழுதியவர் பூதபலி. எனவே எண்களைப் பற்றிய சூத்திரங்கள் தமிழ் மண்ணை நோக்கி வந்த முனிவருடையவை.

மனிதர் தொகைக்கு அந்தச் சூத்திரம் இரண்டு எல்லைகளை வகுக்கிறது. ஒன்று: கோடாகோடாகோடிக்கு மேல், கோடாகோடாகோடாகோடிக்குக் கீழ். கோடியை மும்முறை பெருக்கியது கீழெல்லை, நான்கு முறை பெருக்கியது மேலெல்லை. மற்றொன்று: ஆறாம் வர்க்கத்துக்கு மேல், ஏழாம் வர்க்கத்துக்குக் கீழ். சூத்திரம் எல்லைகளைத்தான் தருகிறது, எண்ணைத் தரவில்லை.

நம் இருபத்தொன்பது இலக்க எண் இந்த எல்லைகளுக்குள் அடங்குகிறதா? ஏழாம் வர்க்கத்தின் அர்த்தச்சேதம் 128. அறுபத்துநான்குக்கும் நூற்றிருபத்தெட்டுக்கும் நட்டநடுவே தொண்ணூற்றாறு நிற்பதால் இரண்டாம் எல்லைக்குள் அது செவ்வனே அடங்குகிறது. அந்த நடுநிலையே பழைய ஆசாரியர் சிலரை இவ்வெண்ணின்பால் ஈர்த்திருக்கவும் கூடும். முதல் எல்லையோ இடம் தரவில்லை. எண்ணைக் கோடிக் கணக்கில் ஏழேழு இலக்கங்களாகப் பிரித்து வாசித்தால் இது வெளிப்படையாகத் தெரியும்: 7 கோடாகோடாகோடாகோடி, 9228162 கோடாகோடாகோடி, 5142643 கோடாகோடி, 3759354 கோடி, 3950336. ஒரு கோடாகோடாகோடாகோடிக்குக் கீழே இருக்க வேண்டிய தொகை ஏழைத் தாண்டி எட்டை நெருங்குகிறது. கோடாகோடாகோடாகோடிக்கும் இலக்கங்கள் இருபத்தொன்பதே. இலக்கங்களின் தொகையை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒத்திருக்கின்றன என்று ஏமாறக்கூடும்.

வீரசேனர் ஏமாறவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொதுவாக 816 என்று கொள்ளப்படும் ஆண்டில், அவர் முடித்த தவளை உரையில் ஐந்தாம் வர்க்கத்தின் கனமே மனிதர் தொகை என்போரின் கருத்தை எடுத்துக்காட்டி மறுக்கிறார். சூத்திரத்தோடு முரண்படுகிறது என்று மட்டும் கூறி அவர் விடவில்லை. மனிதர் வாழும் நிலப்பரப்பைக் கணக்கிட்டு, இத்தனை பேர் அதில் அடங்கமாட்டார்கள் என்று காட்டுகிறார்.

நூல்களில் உள்ள அளவைகளைக் கொண்டு அந்தக் கணக்கை இக்கால எண்களில் தொகுத்துப் பார்க்கலாம். மனுஷ்ய க்ஷேத்திரம் என்னும் இரண்டரைத் தீவின் விட்டம் 45 லட்சம் யோசனை. சுற்றளவு 1,42,30,249 யோசனை. சுற்றளவை விட்டத்தின் கால்பங்கால் பெருக்கினால் பரப்பு 16,00,903 கோடியே 1,25,000 சதுர யோசனை. ஒரு யோசனை நான்கு குரோசம். ஒரு குரோசம் இரண்டாயிரம் வில். ஒரு வில் நான்கு முழம். ஒரு முழம் இருபத்துநான்கு அங்குலம். ஆக ஒரு யோசனைக்கு 7,68,000 அங்குலம். பரப்பைச் சதுர அங்குலமாக மாற்றினால் 94425 என்று தொடங்கும் இருபத்தைந்து இலக்க எண் வரும். மனிதர் தொகைக்கு இலக்கங்கள் இருபத்தொன்பது. வகுத்தால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 8,390 பேர் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த அங்குலம் உலகத்தை அளக்கும் பிரமாண அங்குலம்; உடலை அளக்கும் உத்சேத அங்குலத்தைப் போல் ஐந்நூறு மடங்கு பெரியது. அதற்கும் இடம் கொடுத்துப் பார்ப்போம். ஒரு சதுரப் பிரமாண அங்குலம் 2,50,000 சதுர உத்சேத அங்குலம். அதை 8,390 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு முப்பது சதுர அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. பக்கம் ஐந்தரை அங்குலம் கொண்ட ஒரு சிறு கட்டம். இரண்டு பாதங்களையும் சேர்த்து ஊன்ற இடமில்லை. அந்தப் பரப்பிலும் லவண சமுத்திரம், காலோத சமுத்திரம் இரண்டும் மலைகளும் அடங்கியிருக்கின்றன. சூத்திரத்தின் மேலெல்லையை எடுத்துக்கொண்டாலும் ஆளுக்கு 236 சதுர அங்குலமே வரும், நெருக்கம்தான். ஆனால் சூத்திரம் அதற்குக் கீழே என்றுதான் சொல்கிறது. கோடாகோடாகோடி வரை இறங்கி வர இடமிருக்கிறது.

இன்றைய புவியியலின்படி இரண்டரைத் தீவு எங்கே என்ற வினா இங்கு எழவேண்டுவதில்லை. ஏற்றுக்கொண்ட அளவைகளுக்குள்ளேயே ஒரு கூற்று மற்றொன்றோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே வீரசேனர் எடுத்துக்கொண்ட பணி. ஆசாரியர் வாக்கு என்று ஒன்று வந்தால் அதனை நிலத்தை அளந்து சோதித்த துணிவு அவருடையது. வேறு பல இடங்களில் தென்மரபு, வடமரபு என்று இரு கொள்கைகளையும் எடுத்துக் கூறும் பழக்கமும் அவருக்கு உண்டு.

வீரசேனர் மறுத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்றபின் நேமிசந்திரர் அதே எண்ணைக் கோம்மடசாரத்தில் எழுதினார். தவளையை அறியாமல் அவர் எழுதினார் என்று சொல்ல இயலாது. ஷட்கண்டாகமத்தைக் கரைத்துக் குடித்ததனாலேயே அவருக்குச் சித்தாந்த சக்கரவர்த்தி என்ற பட்டம். ஆசாரிய பரம்பரையில் வழங்கிவந்த எண்ணைக் கைவிடாமல் காப்பதைத் தம் கடனாக அவர் கருதினார் என்றே தோன்றுகிறது. இரண்டு நூல்களும் நம் மரபில் ஒரே பீடத்தில் வைத்து வணங்கப்படுகின்றன. அடுத்த காதையில் பரியாப்த மனிதருள் முக்கால் பங்கினர் பெண்கள் என்று நேமிசந்திரர் கூறுகிறார். தொகையை இருமுறை பாதியாக்கி மும்மடங்காக்கினால் 59421121885698253195157962752. தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண்ணாதலின் முக்கால் காண்பதில் பின்னம் எழவில்லை.

தவளை உரை நெடுங்காலம் மூடபித்ரி சித்தாந்த பசதியில் கன்னட எழுத்து ஓலைகளாக மட்டுமே இருந்தது. ஹீராலால் ஜைனரின் பதிப்பில் 1939 முதல் தொகுதி தொகுதியாக அச்சேறியது. 1942இல் வந்த நான்காம் தொகுதிக்கு இலக்னோ பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் தவளையின் கணிதம் பற்றி எழுதிய கட்டுரையினால்தான் வீரசேனரின் இந்த மறுப்பைக் கணித உலகம் அறிந்தது. அதற்கு முன்பே, 1912இல், மகாவீராசாரியரின் கணிதசார சங்கிரகத்தைச் சென்னையில் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டிருந்தார். அந்நூல் இருபத்துநான்கு இலக்கத் தானங்களுக்குப் பெயர் கூறி நிறுத்துகிறது. ஆகமக் கணிதம் அதற்கும் அப்பால் சென்றது என்பது தவளை அச்சான பிறகே தெளிவாயிற்று.

இந்த வர்க்கங்கள் இன்று வேறொரு துறையில் வழங்கி வருகின்றன. கணினி இரண்டின் அடுக்குகளிலேயே எண்ணும். இணையத்தில் இணையும் கருவிகளுக்குத் தரப்பட்ட பழைய முகவரிகளின் மொத்தம் 4294967296, பாதாலமே. அது போதாமற்போனதால் வகுத்த புதிய முறையில் முகவரிகளின் மொத்தம் ஏழாம் வர்க்கம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டாட் நெட் அமைப்பில் பணக்கணக்குக்கென்றே 'டெசிமல்' என்ற எண்வகை உண்டு. அதில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 79228162514264337593543950335. கோம்மடசாரத்து எண்ணில் ஒன்று குறைவு. திருப்பூரிலும் கோவையிலும் மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகள் இதனைத் திரையில் கண்டிருப்பர். முன்னோர் கணினியை அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்றன்று. இரண்டை மீண்டும் மீண்டும் பெருக்குபவர் எவரும் இந்த எண்ணைக் கடந்தே செல்ல வேண்டும். இரு சாராரும் வெவ்வேறு காரணத்துக்காகத் தொண்ணூற்றாறாம் படியில் நின்றனர், அவ்வளவே. ஒன்று குறைத்துச் சொல்லும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. சார்பெழுத்தின் விரி 369 என்பதை முந்நூற்றெழுபதில் ஒன்று குறைய என்றே பவணந்தியார் நன்னூலில் கூறுகிறார்.

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அத்தொகை பாதாலத்தின் இருமடங்குக்கும் குறைவு. முப்பத்துமூன்று முறை பாதியாக்கினால் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஆகமம் கூறுவது பரதக்ஷேத்திரத்தை மட்டுமன்று, விதேகம் முதலிய எல்லாக் கருமபூமிகளையும் போகபூமிகளையும் சேர்த்து என்பதை ஒப்பிடுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

பாடசாலைப் பிள்ளைகள் இந்த எண்ணைத் தாமே ஆக்கிப் பார்க்க ஒரு தாளும் எழுதுகோலும் போதும். 256ஐ அதனாலேயே பெருக்கினால் பண்ணட்டி. பண்ணட்டியை அதனாலேயே பெருக்கினால் பாதாலம். பாதாலத்தை அதனாலேயே பெருக்கினால் எகட்டி. எகட்டியைப் பாதாலத்தால் பெருக்கினால் மனிதர் தொகை. ஒவ்வொரு படியிலும் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்து மீதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பண்ணட்டிக்கு மீதி 7, பாதாலத்துக்கு 4, எகட்டிக்கு 7. கடைசி எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 127 வரும், மீதி 1.